தண்டலைக் கண்டால் காணாமல் போகும் பிரிண்டர்

“மிஷினுக்கு ஒரு ஆளப் பிடிக்காமப் போவுமா?”

பிரிண்டரின் மூடிமேல் புறங்கையை வைத்துச் சூடு பார்த்துக்கொண்டே விஜிலா அக்கா கேட்டார். அந்த மாதம் அலுவலகப் படியேறிய எல்லோரிடமும் கேட்ட கேள்விதான். ஒரு வேலையாக அங்கே போன என்னிடமும் கேட்டார்.

காலை ஒன்பதரைக்குக் கதவைத் திறந்ததும் அக்கா முதலில் போவது பிரிண்டரிடம்தான். அதன்மேல் போர்த்தியிருக்கும் பழைய சேலைத் துண்டை எடுத்து ஜன்னலுக்கு வெளியே உதறுவார். கடல் காற்று கொண்டுவந்த உப்பு பொடியாக உதிரும். பிறகு காய்ச்சல்காரப் பிள்ளையைத் தொடுவதுபோல் ஒரு தொடல். “ஏளா, இன்னைக்காவது ஒழுங்கா இருப்பியா?” என்று ஒரு கேள்வி. நெற்றியிலும் மார்பிலும் சிலுவை போட்டுக்கொண்டு பொத்தானை அமுக்குவார். நீல விளக்கு கொஞ்ச நேரம் மினுங்கிவிட்டு நின்று எரியும். உடனே ஒரு வெள்ளைத் தாளில் ‘இயேசு மரி சூசை’ என்று மட்டும் அடித்துப் பார்ப்பார். அந்தத் தாள் வந்துவிட்டால் அன்றைய வேலை தொடங்கிவிட்டது என்று பொருள்.

தூத்துக்குடி பழைய துறைமுகத்துக்கு எதிரே, மாடியில், இரண்டே அறை உள்ள அலுவலகம் அது. மாலத்தீவுக்கு வெங்காயமும் தக்காளியும் ஏற்றிப் போகும் தோணிகளுக்கு வேண்டிய காகிதங்களைத் தயாரித்துக் கொடுப்பதுதான் தொழில். என்ன சரக்கு, எவ்வளவு எடை, தோணியில் எத்தனை பேர், அவர்கள் பெயர் என்ன என்று எல்லாவற்றையும் அடித்து, ஐந்து பிரதி எடுத்து, முத்திரை குத்தித் துறைமுகத்தில் கொடுத்தால்தான் நங்கூரம் தூக்கலாம். பத்தொன்பது வருடமாக இந்தக் காகிதங்களை அடிப்பது விஜிலா அக்கா. இரண்டே விரலால் அடிப்பார். கொண்டையில் எப்போதும் ஒரு பேனா செருகியிருக்கும். அதை மேசை முழுக்கத் தேடுவார்.

பிரிண்டரைப் பற்றிப் பேச அக்கா தனியாக ஒரு பாஷை வைத்திருந்தார். தாள் சிக்கினால் “விக்கல் எடுக்கு.” மை குறைந்தால் “ரத்தம் பத்தல.” நெட்வொர்க் போய்விட்டால் “கோவிச்சிட்டுப் போயிட்டா.” முதல் இரண்டுக்கும் அவரிடமே வைத்தியம் இருந்தது. மூன்றாவதுதான் அவரை வாட்டியது. கோபித்துக்கொண்ட பிரிண்டரின் நீல விளக்கு என்னவோ நின்றுதான் எரியும். ‘நெட்வொர்க்கில் இருக்கிறேன்’ என்று அது சொல்லும். ‘அப்படி ஒரு பிரிண்டரே இல்லை’ என்று கம்ப்யூட்டர் சொல்லும். இரண்டும் இருப்பது ஒரே மேசையில்.

கேபிள் மாட்டலாமே என்று கேட்பீர்கள். பிரிண்டரில் கேபிள் செருகும் துளை உப்புக் காற்றில் பச்சை பூத்துப் போய் வருடம் இரண்டாகிறது.

கோபம் தொடங்கிய நாளிலிருந்து அக்கா ஒரு நோட்டுப் போட்டார். தோணிகளில் எழுதும் நாள்குறிப்பைப் போலவே கட்டம் கட்டியிருந்தார். தேதி, மணி, என்ன காற்று, யார் யார் இருந்தார்கள், என்ன நடந்தது. முதலில் மேற்கேயிருந்து வீசும் கச்சான் காற்றுதான் காரணம் என்று எழுதி, பிறகு கிழக்கேயிருந்து கொண்டல் வீசிய நாளிலும் போனதால் அதைக் கோடு போட்டு அடித்திருந்தார். செவ்வாய்க்கிழமை என்று எழுதி அடித்திருந்தார். பக்கத்துக் கட்டடத்தில் கருவாடு வறுத்தது என்று எழுதி அடித்திருந்தார். ‘என் ஊதாச் சேலை’ என்ற வரியை மட்டும் அடிக்கவில்லை. பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு, அந்தச் சேலையை வேலைக்கு உடுத்துவதை நிறுத்தியிருந்தார்.

ஒவ்வொரு தடவையும் மெக்கானிக் அனிஷ் வருவார். இரண்டு தெரு தள்ளிக் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறார். அவர் வந்து சேர மாலையாகிவிடும். தோணிக்காரர்கள் எல்லோரும் போயிருப்பார்கள். பிரிண்டர் குழந்தைபோல் சிரித்த முகமாக இருக்கும். “நல்லாத்தானக்கா இருக்கு” என்று ஒரு தாள் அடித்துக் காட்டுவார். அக்கா வாங்கிக் கொடுக்கும் டீயைக் குடித்துவிட்டுப் போவார். இப்படிப் பதினோரு தடவை.

பன்னிரண்டாவது தடவை ஒரு சனிக்கிழமை.

அன்று ‘விண்ணரசி’ புறப்பட வேண்டும். வெங்காயம் அடியில் ஏறிவிட்டது. தக்காளிக் கூடைகள் மேல்தட்டில் வெயிலைப் பார்த்துக்கொண்டு இருந்தன. துறைமுகத்தில் காகிதம் வாங்கும் அதிகாரி நான்கு மணிக்கு எழுந்து வீட்டுக்குப் போய்விடுவார். மறுநாள் ஞாயிறு. திங்கள் அரசு விடுமுறை. நான்கு மணியைத் தவறவிட்டால் தக்காளி செவ்வாய்க்கிழமை ரசமாகத்தான் மாலத்தீவு போகும். பென் டிரைவில் போட்டு வெளிக்கடையில் அடிக்கவும் வழியில்லை. சரக்குக்காரர்களின் பெயர் வெளியே போகக்கூடாது என்பது அலுவலக முதலாளி ஃபிராங்க்ளினின் கட்டளை. அவர் காலையிலேயே போனில் இன்னொன்றும் சொல்லியிருந்தார். “விஜிலா, இன்னொரு தோணி லேட்டானா பேப்பர் வேலைய வேற ஆபீசுக்குக் கொடுத்திருவேன். நீங்க உங்க பிரிண்டரக் கட்டிக்கிட்டு அழுங்க.”

ஒன்றரை மணிக்கு விண்ணரசியின் தண்டல் சிலுவை படியேறி வந்தார். தண்டல் என்றால் தோணியின் தலைவர். வயது ஐம்பத்தெட்டு. காற்றுக்கு மேலே கத்திப் பேசிப் பழகிய குரல். கரையிலும் அதைக் குறைக்கத் தெரியாது.

“என்னளா விஜிலா, பேப்பரு பொறந்துட்டா?”

“இதோ அண்ணாச்சி, உக்காருங்க” என்று அக்கா மோர் தம்ளரை நீட்டினார். தண்டல் வழக்கம்போல் பிரிண்டர் மேசையை ஒட்டிக் கிடந்த முக்காலியில் உட்கார்ந்தார். அக்கா முதல் பக்கத்தை அனுப்பினார். கம்ப்யூட்டர் பிரிண்டரைக் காணவில்லை என்றது. அந்தப் பக்கத்தை ரத்து செய்தார்.

அணைத்தார். போட்டார். ‘இயேசு மரி சூசை’ அனுப்பினார். வரவில்லை. மறுபடி அணைத்துப் போட்டார். மறுபடி மறுபடி அனுப்பினார். அனிஷுக்குப் போன் போட்டார். “துறைமுகத்துக்குள்ள ஒரு வேலையில நிக்கேன்க்கா, முடிச்சிட்டு வாரேன்.” தண்டலும் உதவி செய்ய நினைத்து முக்காலியை இன்னும் நெருக்கிப் போட்டார். பிரிண்டரின் முதுகைத் தட்டிக் கொடுத்தார். “பயப்படாத தாயி, மெதுவா வா.”

இரண்டரை ஆகிவிட்டது. தக்காளிமேல் தார்ப்பாயை நனைத்துப் போடச் சொல்ல வேண்டும் என்று தண்டல் கீழே இறங்கிப் போனார். அவர் போன கொஞ்ச நேரத்தில் நீல விளக்கு மினுங்கியது. நின்றது. பிரிண்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஓடத் தொடங்கியது. முதலில் ஒரு ‘இயேசு மரி சூசை’. பிறகு இன்னொன்று. அக்கா இதுவரை அனுப்பிய அத்தனையும் வரிசை கட்டி வர ஆரம்பித்தன.

சத்தம் தெருவுக்குக் கேட்டிருக்க வேண்டும். “வந்துட்டாளா!” என்று தண்டல் இரண்டிரண்டு படியாகத் தாவி மேலே வந்தார். பிரிண்டரின் தலைமாட்டில் நின்றார். ஆறாவது தாளோடு அது நின்றுபோனது.

அக்கா தண்டலைப் பார்த்தார். பிரிண்டரைப் பார்த்தார். மெல்ல நோட்டை எடுத்துப் புரட்டினார். பதினோரு நாள். பதினோரு விதக் காற்று, கிழமை, சேலை. ஆனால் ஒவ்வொரு வரியிலும் அவர் கையெழுத்திலேயே இருந்தது: ‘சிலுவை அண்ணாச்சி — மோர்.’ ‘சிலுவை அண்ணாச்சி — மோர் வேண்டாம் என்றார்.’ ‘சிலுவை அண்ணாச்சி — மேசைமேல் சாய்ந்தார்.’

கடலேறப் போகிற மனிதரிடம் இதை எப்படிச் சொல்வது? ‘உன் ராசி சரியில்லை’ என்று ஒரு வார்த்தை காதில் விழுந்தால் நல்ல தண்டலும் நங்கூரத்தைத் தொட யோசிப்பான். அக்கா கொண்டைப் பேனாவை எடுத்தார், செருகினார், மறுபடி எடுத்தார். சுவர்க் கடிகாரத்தில் மணி இரண்டே முக்கால்.

“அண்ணாச்சி, கோவிக்காதீங்க.”

“சொல்லு.”

“இவளுக்கு உங்களக் கண்டா ஆவல.”

தண்டல் சட்டைக் காலரை இழுத்து மோந்து பார்த்தார். “குளிச்சிட்டுத்தானளா வந்தேன்! நாப்பது வருசமா கடல்ல போறேன், ஒரு சுறா கூட என்னயப் பாத்து மொகத்தத் திருப்புனதில்ல.” குனிந்து பிரிண்டரிடமே கேட்டார். “நான் என்ன செஞ்சேன் ஒனக்கு?” அவர் குரல் முதல் முறையாகத் தணிந்தது. “ஏளா விஜிலா, கடல்ல போற நேரத்துல இப்படிச் சொல்லுதியே. தெரிஞ்சுதான் சொல்லுதியா?”

“தெரியல அண்ணாச்சி. அதத் தெரிஞ்சுக்கத்தான் சொல்லுதேன். தயவுசெஞ்சு அந்த வாசப்படில போயி நில்லுங்க.”

போய் நின்றார். ஒன்றும் வரவில்லை. மாடிப்படியின் பாதியில் நின்றார். வரவில்லை. தெருவில் இறங்கி நின்றார். விளக்கு மினுங்கியது, ஒரு தாள் வந்தது, நின்றது. அக்கா ஜன்னலில் தலையை நீட்டினார். கத்தினால் தெருவே கூடிவிடும். அதனால் தோணியைத் துறையில் அணைக்கும்போது கரையில் நிற்கிறவர்கள் காட்டுகிற கையைக் காட்டினார். உள்ளங்கையைத் தாழ்த்தினால் ‘நில்’. வெளிப்பக்கமாகத் தள்ளினால் ‘இன்னும் விலகு’. தண்டலுக்கு அதற்குமேல் விளக்கம் தேவையில்லை. பின்பக்கமாகவே நடந்து சாலையைக் கடந்தார். ஒரு லாரிக்கு வழிவிட்டார். அக்கா தள்ளினார். அவர் விலகினார். எதிர்ச்சாரியில் உப்பு குடோன் சுவரில் முதுகு முட்டியதும் உள்ளங்கை தாழ்ந்தது.

மேலே பிரிண்டர் மடமடவென்று ஓடியது.

மூன்று மணி வெயிலில் தண்டல் அசையாமல் நின்றார். உப்பு மூட்டை ஏற்றிக்கொண்டிருந்த லோடுமேன் கேட்டார். “என்ன தண்டலு, இங்கன நிக்கீரு?”

“மேல பேப்பர் அடிக்காவ.”

“அதுக்கு நீரு ஏன் வெயில்ல நிக்கணும்?”

“நான் இங்கன நின்னாத்தான் அடிக்கும்.”

லோடுமேன் மாடி ஜன்னலைப் பார்த்தார். தண்டலைப் பார்த்தார். குடோன் நிழலுக்குள் இருந்த தன் தண்ணீர் பாட்டிலைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார்.

மிச்சமிருந்த ‘இயேசு மரி சூசை’ எல்லாம் வந்து தீர்ந்து, சரக்குப் பட்டியல் வரத் தொடங்கிய நேரத்தில் அனிஷ் பைக்கில் வந்து இறங்கினார். தண்டல் அவரைச் சுவரோரமாகவே கூப்பிட்டு நடந்ததைச் சொன்னார். அனிஷ் பைக்கைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். தண்டல் கோபமாகச் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, “சிரிக்காதலே, மணி என்னன்னு பாரு” என்று நீட்டினார். மணி மூன்று இருபது. அனிஷ் மணியைப் பார்த்தார். அதன் பக்கத்தில் இருந்த ஒரு சின்ன அடையாளத்தையும் பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது.

மூன்று மாதத்துக்கு முன்னால் டீக்கடையில் தண்டல் அவரிடம் ஓர் உதவி கேட்டிருந்தார். தோணியில் ஒன்பது பேர். துறையில் கிடக்கும்போது வீட்டுக்குப் பேச எல்லோரும் தண்டல் போனின் ஹாட்ஸ்பாட்டைத்தான் கேட்பார்கள். தினமும் பாஸ்வேர்டு சொல்லி அவருக்கு வாய் வலித்தது. அனிஷ் ஒரு தந்திரம் செய்தார். ஒன்பது பேரின் போனுக்கும் இந்த அலுவலக வைஃபை ஏற்கெனவே பழக்கம். ஆகவே தண்டலின் ஹாட்ஸ்பாட்டுக்கும் அலுவலகத்தின் பெயரையே வைத்து, அதே பாஸ்வேர்டையும் போட்டுவிட்டார். தண்டல் பக்கத்தில் வந்தால் போதும், எல்லாப் போனும் தானாக ஒட்டிக்கொள்ளும். அன்றிலிருந்து தண்டல் அதை அணைத்ததே இல்லை.

பிரிண்டரும் ஒட்டிக்கொண்டது. அலுவலக ரூட்டர் உள் அறையில், சுவருக்கு அப்பால், முதலாளியின் அலமாரிமேல் இருக்கிறது. தண்டலின் சட்டைப் பை ஒரு முழத் தூரத்தில் வந்து உட்கார்ந்தது. ஒரே பெயர் இரண்டு இடத்தில் கிடைத்தால் கிட்டே இருப்பதைத்தானே பிடிக்கும். அக்கா அணைத்து அணைத்துப் போடப் போட, அது தண்டலையே தேடிப் பிடித்தது. கம்ப்யூட்டர் மட்டும் ரூட்டரின் கேபிளில் கட்டுண்டு, பழைய இடத்திலேயே இருந்தது.

அனிஷ் மேலே வந்து தலையைச் சொறிந்துகொண்டே இதை ஒப்புக்கொண்டபோது, அக்கா பதினைந்து தாள்களையும் அடுக்கி முத்திரை குத்திக்கொண்டிருந்தார். குத்துவதை நிறுத்தவில்லை. ஒவ்வொரு குத்துக்கும் ஒரு சொல்லாக வந்தது.

“பதினோரு. தடவ. டீ. குடிச்சியேலே.”

கீழே, அனிஷ் இறங்கிவந்து விவரம் சொல்லி ஹாட்ஸ்பாட்டுக்கு ‘விண்ணரசி’ என்று புதுப் பெயர் வைத்தபிறகு, தண்டலின் குரல் பழையபடி தெருவை நிறைத்தது. “பாத்தியாளா விஜிலா! பிடிக்காம இல்ல! பிடிச்சுப் போயித்தான் எங்கிட்ட வந்திருக்கா!” அதைச் சொல்லிக்கொண்டே சாலையைக் கடந்து படியில் காலை வைத்தார். அக்கா காகிதக் கட்டோடு பாய்ந்து இறங்கினார். “எல்லாஞ் சரிதான் அண்ணாச்சி. எனக்கு இன்னொரு தோணிக்குப் பேப்பர் வந்துட்டு இருக்கு. அங்கனயே நில்லுங்க.” காகிதத்தைத் தெருவில் வைத்தே கொடுத்தார். அதிகாரியின் மேசைக்கு அது போய்ச் சேர்ந்தபோது நான்கு அடிக்கப் பத்து நிமிடம் இருந்தது.

ஐந்தரைக்கு விண்ணரசி துறையை விட்டு நகர்ந்தது. அலுவலக ஜன்னலிலிருந்து பார்த்தால் நன்றாகத் தெரியும். மேல்தட்டில் தக்காளிக் கூடைகளுக்கு நடுவே தண்டல் நின்று, மாடியைப் பார்த்துக் கையை உயர்த்தி ஆட்டினார். அக்காவுக்குப் பின்னால் பிரிண்டர் ஓடிக்கொண்டிருந்தது.

உங்கள் அலுவலகத்திலும் ஒரு பிரிண்டர் இப்படிக் கோபித்துக்கொண்டு போகலாம். அதோடு மல்லுக்கட்டும் யாரையாவது பார்த்தால் இந்தக் கதையைச் சொல்லுங்கள். சொல்லும்போது கடைசியில் விஜிலா அக்காவின் கையையும் மறக்காமல் காட்டிவிடுங்கள். தண்டல் அங்கே கையாட்ட, அக்கா ஜன்னலில் நின்று, கண்கலங்க, உள்ளங்கையை வெளிப்பக்கமாகத் தள்ளிக்கொண்டே இருந்தார்: இன்னும், இன்னும் கொஞ்சம்.