அத்தை ஓடிப்போகவில்லை

காய்ந்த மந்தாரை இலை ஒன்று. நெய் ஊறி அதன் நடுப்பகுதி கண்ணாடிபோல் ஆகியிருந்தது. அதன்மேல் கருஞ்சிவப்பாக ஓர் அல்வாத் துண்டு. இலை அத்தையின் மடியில் இருக்க, நான் பட்டுப்பாவாடையோடு அவர் பக்கத்தில் அல்வாக் கடைப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். சேலம் கடைவீதியில் போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லோரும் எங்களைப் பார்த்துக்கொண்டு போனார்கள். "மெதுவாத் தின்னு சாமி. நமக்கு அங்க ஒரு சோலியும் இல்ல" என்றார் அத்தை. அங்கே என்றது கல்யாண மண்டபத்தை. அன்று என் சித்தப்பாவுக்குக் கல்யாணம்.

தாய் போன பிறகு சித்தப்பாவை இடுப்பில் தூக்கி வளர்த்தவர் என் அத்தைதான். எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில், தாலி கட்டுவதற்கு முன் மாப்பிள்ளையின் உடன்பிறந்தவள் அவருக்கு இணையாக அமர்ந்து செய்யும் சடங்குக்கு இணைச்சீர் என்று பெயர். உடன்பிறந்தவளுக்கு அதைவிடப் பெரிய மரியாதை வேறில்லை. அத்தை கணவரை இழந்தவர். ஆனாலும் தம்பி தன்னைத்தான் கூப்பிடுவான் என்று நம்பி, அரக்குக் கரை போட்ட சேலை ஒன்றை மடித்து எடுத்து வந்திருந்தார். காலையில், அவர் காய் நறுக்கிக்கொண்டிருந்த இடத்திலேயே, சித்தப்பாவின் பெரியப்பா மகள் உட்காரட்டும் என்று முடிவாகிவிட்டதாகச் சொன்னார்கள். சித்தப்பா தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார். அத்தை அரிவாள்மனையை மடக்கிச் சுவரோரம் வைத்தார். கையைக் கழுவினார். என்னைக் கூட்டிக்கொண்டு சமையற்கட்டு வாசல் வழியாக வெளியேறினார். அல்வாவை ஒருமுறை வாங்கினார், பிறகு இன்னொரு முறை. அதன்பின் என்னை மண்டப வாசலில் விட்டு, கன்னத்தைக் கிள்ளிவிட்டு, தனியாகப் போய் ராசிபுரம் பஸ் ஏறினார். நாமகிரிப்பேட்டையில் ஒரு விடுதியில் சமையல் செய்து கடைசிவரை தனியாகவே இருந்தார். நான் போகும்போதெல்லாம் உப்பு போதுமா என்றுதான் கேட்பார். அந்தக் கல்யாணத்தைப் பற்றி ஒருநாளும் பேசியதில்லை.

இவ்வளவுதான் நடந்தது. நாட்குறிப்பு எழுதுகிற பழக்கம் உள்ளவள் நான். நடந்ததை நடந்தபடி சொல்லாவிட்டால் எனக்கு உறக்கம் கொள்ளாது.

சென்ற மாதம் என் மகள் சேலத்தில் "இனிப்பும் வம்பும்" என்ற நடைப்பயணத்துக்கு என்னையும் சேர்த்துப் பதிவு செய்தாள். ஞாயிறு காலையில் பழைய கடைகளுக்கு நடந்து போய், கடைக்கு ஓர் இனிப்புத் தின்று, அந்தத் தெருவின் பழைய வம்பு ஒன்றைக் கேட்க வேண்டும். வழிகாட்டி நாமக்கல் பக்கத்துப் பையன். இடுப்பில் சின்ன ஒலிபெருக்கி கட்டியிருந்தான். பால்கோவாவோடு ஒரு ஜமீன் வம்பு முடிந்தது. அடுத்து அந்த அல்வாக் கடை. பெஞ்சு கூட மாறவில்லை. "வெண்ணந்தூர்ப் பக்கம் பெரிய குடும்பமுங்க. தம்பி கல்யாணத்தன்னிக்கே அக்கா காணோம்! எங்கேன்னு பார்த்தா, இந்தக் கடை அல்வா மாஸ்டரோட பஸ் ஏறிட்டாங்க!" என்றான். கூட்டம் சிரித்தது. கையில் இருந்த இலையை மடித்துக்கொண்டு முன்னால் போனேன்.

"தம்பி, அவங்க ஆரோடயும் போகல. என் அத்தைங்க அவங்க. அந்த அல்வாவுல பாதி தின்னது நான்" என்றேன். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்று நினைத்துவிட்டார்கள். இணைச்சீரைப் பற்றி விளக்க ஆரம்பித்தேன். முகங்கள் வாடின, ஒருவர் கைபேசியை எடுத்தார். பையன் மரியாதையாகத்தான் சொன்னான்: "அது சோகமாப் போயிடுதுங்க மேடம். கையில ஸ்வீட் இருக்குதுங்களே."

வீட்டுக்கு வந்ததும் அண்ணனைக் கூப்பிட்டேன். இந்தக் கதை வெளியே எப்படிப் போனது என்று கேட்டேன். "நம்ம ஊட்டுல எல்லாரும் அப்படித்தானே சொல்லிட்டிருந்தாங்க. ஏனம்மிணி, இப்ப எதுக்குக் கிளறிக்கிட்டு? உடு" என்றார். கைபேசியை வைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அத்தை ஓடிப்போனார் என்றால் குற்றம் அவருடையது. ஓடிப்போகவில்லை என்றால் குற்றம் எங்களுடையது. எந்தக் கதையை வைத்துக்கொள்வது என்று என் குடும்பம் எப்போதோ தீர்மானித்துவிட்டது. பையன் என்ன செய்வான், பாவம்.

ஆனாலும் மனம் கேட்கவில்லை. மறு ஞாயிறு கூட்டத்துக்கு முன்பே போய் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தேன். கல்யாண மண்டபம் இருந்த இடத்தில் இப்போது துணிக்கடை. அல்வா வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன். பையன் வந்தான். கதை வளர்ந்திருந்தது. "கூட ஒரு சின்னப் பொண்ணுங்க. அதுக்கு அல்வாவை வாங்கிக் குடுத்து வாயை அடைச்சுட்டுத்தான் ரெண்டு பேரும் ஓடினாங்க!" என்றான். பிறகு என்னைப் பார்த்துவிட்டான். முகம் மலர்ந்தது. "அந்தப் பொண்ணே இதா உக்காந்திருக்காங்க பாருங்க!" கைபேசிகள் என் பக்கம் திரும்பின. "ஓடல, ஓடல" என்று நான் சொன்னதும் படமானது. ஓர் அம்மாள் என் தோளைத் தொட்டு, "அத்தையை உட்டுக் குடுக்காம பேசறீங்க பாருங்க" என்று பாராட்டினார்.

கூட்டம் நகர்ந்தது. "வாங்க மேடம், அடுத்தது ஜிலேபிங்க" என்று பையன் திரும்பிக் கூப்பிட்டான்.

"நீங்க போங்க தம்பி."

தெருவைப் பார்த்து நிமிர்ந்து உட்கார்ந்தேன். அத்தை அப்படித்தான் உட்கார்ந்திருந்தார். போகிறவர்கள் பார்த்தார்கள், பார்க்கட்டும். இலையில் நெய் பரவிக்கொண்டிருந்தது. மெதுவாகத்தான் தின்றேன். எனக்கும் அங்கே ஒரு சோலியும் இல்லை.