கண், காது, கை

மகள் ஜெர்மனியில், ஹனோவரில் நாலாம் வகுப்புப் படித்தபோது ஒரு பெற்றோர் கூட்டத்துக்குப் போனேன். வகுப்பறைச் சுவரில் மூன்று பெரிய அட்டைகள் தொங்கின. ஒன்றில் கண், ஒன்றில் காது, ஒன்றில் கை. எந்தப் பிள்ளை எந்தப் புலன் வழியாகப் படிக்கிறது என்று, படம் காட்டியும் சொல் வாசித்தும் பொருளைத் தடவச் சொல்லியும் சோதித்து, ஆசிரியை பெயர்களை ஒட்டியிருந்தார். வழக்கறிஞரின் மகனும் பல் வைத்தியரின் மகளும் கண்ணில் இருந்தார்கள். கையில் என் மகள், அவளோடு பின்மேசையில் இருக்கும் துருக்கிப் பையன், சிரியாவிலிருந்து வந்த பிள்ளை. புலன்களுக்கும் விசா பார்க்கிறார்கள் போலும்.

ஆசிரியை மிகவும் அன்பானவர். "உங்கள் மகள் கையால் படிக்கிற பிள்ளை. ஜிம்னாசியத்தில் புத்தகமும் பலகையும்தான், அங்கே வாடிப்போவாள். வேறு பள்ளிக்கூடம் போய், பிறகு நல்ல அவுஸ்பில்டுங், தொழிற்பயிற்சி ஒன்று செய்யலாமே" என்றார். இங்கே நாலாம் வகுப்போடு பிள்ளைகளைப் பிரிப்பார்கள்; ஜிம்னாசியம் என்ற பள்ளிக்கூடம் போனால்தான் நேரே பல்கலைக்கழகம். அந்த வழியைச் சிரித்த முகத்தோடு மூடிவிட்டு பிஸ்கட் தட்டை நீட்டினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிஸ்கட்டையும் எடுத்துக்கொண்டேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு, இன்னொரு தடவை சோதிக்கிறேன் என்றார்.

வீட்டில் சொன்னதும் கணவர் சட்டைக் கையை மடித்தார். "டெஸ்ட் எண்டால் பாஸ் பண்ண வேணும். நான் படிப்பிக்கிறன்."

"இஞ்சாருங்கோ, இது படிச்சுப் பாஸ் பண்ணுற டெஸ்ட் இல்லை."

"அப்பிடி ஒரு டெஸ்ட் உலகத்தில இல்லை."

பிள்ளைக்கு எப்படிப் படிக்கப் பிடிக்கும் என்று பார்க்கும் சோதனைக்கும் டியூஷன் கொடுக்கிற ஆட்கள் நாங்கள்தான். சாப்பாட்டு மேசையில் படங்களைப் பரப்பிக் காட்டி மூடினார். சொற்களை வாசித்துக் கேட்டார். துவாய்க்குக் கீழே அகப்பையையும் இடியப்ப உரலையும் வைத்துத் தடவச் சொன்னார். மகள் எல்லாவற்றையும் ஒப்புவித்தாள். அவர் மீசையைத் தடவிக்கொண்டார்.

இரண்டாம் சோதனையிலும் கைதான். ஒரு படம்கூட அவள் சொல்லவில்லையாம். கணவர் கொதித்தார்.

"வீட்டில எல்லாப் படமும் சொன்னனி. அங்க என்ன நடந்தது?"

"வீட்டில படம் மேசையில கிடந்தது அப்பா. ரீச்சர் பலகையில ஒட்டுறா. பின்னால இருந்து பார்க்க எனக்கு ஒண்டும் தெரியேல்ல."

மூன்று புலனையும் ஆராய்ந்த ஆசிரியைக்கும் சரி, டியூஷன் கொடுத்த தகப்பனுக்கும் சரி, பிள்ளைக்குக் கண் தெரிகிறதா என்று பார்க்கத் தோன்றவில்லை. எனக்கும்தான். அவளைக் கட்டிப்பிடித்து அழுதேன்.

கண்ணாடி வாங்கிப் போட்டுக்கொண்டு அவள் பள்ளிக்கூடம் போன முதல் வாரத்திலேயே ஆசிரியை அவளுடைய பெயரைக் கையிலிருந்து கழற்றிக் கண்ணில் ஒட்டினார். மகளையும் கூட்டிக்கொண்டு அடுத்த பள்ளிக்கூடம் பற்றிய ஆலோசனைக்குப் போனபோது, மன்னிப்பு என்ற பேச்சே இல்லை. "எவ்வளவு வளர்ந்துவிட்டாள் பாருங்கள்! இனித் தாராளமாக ஜிம்னாசியம் போகலாம்" என்றார்.

திரும்பி வரும்போது ட்ராமில் மகள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டாள். பிறகு கேட்டாள்:

"அம்மா, எனக்குப் பக்கத்தில இருக்கிற பெடியன் இன்னும் கையிலதான் இருக்கிறான். அவனுக்கும் ஒரு கண்ணாடி வாங்கிக் குடுப்பமா?"

"அவனுக்குக் கண் நல்லாத் தெரியுமே, பிள்ளை."

"ஓம், தெரியும். ஆனா கண்ணாடி போட்டால்தானே ரீச்சர் மாத்துறா."