அப்பாவின் நடு ஸ்டம்பு

எங்கள் அப்பாவை போல்டாக்கியவள் நான். ஒரகடம் பக்கத்தில் அவரோடு கிரிக்கெட் ஆடியவர்களிடம் இதைச் சொன்னால் முதலில் நம்ப மாட்டார்கள். பிறகு அப்பாவிடமே போய்க் கேட்பார்கள். அவரும் மறுக்க மாட்டார். கேட்காதவர்களைக்கூட நிறுத்தி வைத்துச் சொல்வார்.

அப்போது நான் ஐந்தாவது படித்துக்கொண்டிருந்தேன். அதற்கு முந்தைய வருஷம் அப்பாவுக்கு வயிற்றில் புற்றுநோய் வந்து, ஆபரேஷன் ஆகி, மருந்தெல்லாம் ஏற்றி முடித்து, பாதி உடம்பாக வீடு திரும்பியிருந்தார். இனி வேலைக்குப் போகலாம், விளையாடக்கூடச் செய்யலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஊர்தான் விடவில்லை. கம்பெனியில் மெஷின் லைனிலிருந்து எடுத்து நாற்காலியில் உட்கார வைத்தார்கள். வீட்டில் தண்ணீர் கேனைத் தொட்டால் நாலு பேர் ஓடி வந்து பிடுங்கினார்கள். எதற்கெடுத்தாலும் அப்பாவோடு மல்லுக்கு நிற்கும் சித்தப்பா, அவர் என்ன சொன்னாலும் "கரெக்ட்ணா, கரெக்ட்ணா" என்று தலையாட்ட ஆரம்பித்துவிட்டார். அப்பாவுக்கு அதுதான் பொறுக்கவில்லை. "இன்னாடா இது, ஆளாளுக்கு என்ன கண்ணாடி டம்ளர் மாதிரி தூக்கிகினு திரியறீங்க?" என்று கத்துவார். அதற்கும் சித்தப்பா "கரெக்ட்ணா" என்பார்.

அந்தச் சமயத்தில்தான் புற்றுநோயோடு மல்லாடும் குடும்பங்களுக்கு உதவுவதற்காக ஒரு கிரிக்கெட் போட்டி நடத்தினார்கள். வைத்தியத்துக்காக வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் அலைகிறவர்களின் பஸ் செலவுக்கும் சாப்பாட்டுக்கும் வசூல். ஏரியை ஒட்டிய மைதானத்தில் ஷாமியானா போட்டு, அந்தக் குடும்பங்களை முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். அப்பாவுக்கும் துண்டு போட்டு ஒரு நாற்காலி பிடித்து வைத்திருந்தார்கள். அவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தொளதொளவென்று தொங்கிய பழைய ஜெர்சியை மாட்டிக்கொண்டு, "ஓப்பனிங் நான்தான்" என்று ஊர் அணியில் போய் நின்றுவிட்டார். ஒரே ஒரு மேட்ச்சாவது பழையபடி ஆடிவிட வேண்டும் என்பது அவருக்கு வெறியாகவே இருந்தது.

போட்டியில் ஒரு விசேஷ விதி உண்டு. குடும்பங்களுக்கான ஆட்டம் என்பதால் ஒவ்வொரு அணியிலும் ஒரு சின்னப் பிள்ளை இருக்க வேண்டும், அது ஒரு ஓவர் போட்டே ஆக வேண்டும். எங்கள் வீட்டு மாடியில் குடியிருந்த அண்ணன்கள் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஃபேக்டரி வேலைக்கு வந்தவர்கள். ஒருவருக்கும் கல்யாணம் ஆகவில்லை, பிள்ளைக்கு எங்கே போவார்கள்? வாடகை கொடுக்கிற வீட்டிலேயே பிள்ளையையும் இரவல் கேட்டார்கள். அம்மா சிரித்துக்கொண்டே என்னைத் தூக்கிக் கொடுத்துவிட்டாள். சீட்டுக் குலுக்கிப் போட்டதில் முதல் ஆட்டமே எங்களுக்கும் ஊர் அணிக்கும் என்று வந்தது.

எனக்குக் கொண்டாட்டம். தெருவில் ஆடும்போது அப்பா என்னிடம் ஒருநாளும் இரக்கம் காட்டியதில்லை. நான் போடும் பந்தை எதிர்வீட்டு மாட்டுக் கொட்டகைக்கு அனுப்பிவிட்டு, புருவத்தைத் தூக்கி, "போய் எட்த்துகினு வா" என்பார். சாணியில் விழுந்த பந்தைக் கழுவிக் கழுவியே என் கை தேய்ந்திருந்தது. அந்த ஆத்திரம் எனக்கு ஆறவே இல்லை.

ஆட்டம் ஆரம்பித்தது. அப்பாவுக்கு வந்த பந்துகளைப் பார்க்கவே பாவமாக இருந்தது. மற்ற நாளில் காற்றைக் கிழிக்கும் வேகத்தில் போடுகிற மாடி அண்ணன்கள், கோயிலில் பிரசாதம் கொடுப்பதுபோல் பந்தைக் கொடுத்தார்கள். அப்பா தட்டிவிட்டால், பிடிக்க வேண்டியவர் குனிந்து ஷூ லேஸைக் கட்டினார். கைக்கு நேராகப் போன கேட்ச்சை ஒரு அண்ணன் அக்கறையாகக் கீழே விட்டார். அம்பயராக நின்ற சித்தப்பா வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றுக்கும் கூட்டம் கை தட்டியது. அப்பாவின் முகம் மட்டும் வரவர இறுகிக்கொண்டே போனது.

என் ஓவர் வந்தது. மாடி அணியின் கேப்டன் அண்ணன் குனிந்து என் காதில், "பாப்பா, அப்பாவுக்குப் பைய போடு, என்ன? உருட்டி விட்டாக்கூடப் போதும்" என்றார்.

எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. "நான் இன்னா கோலிகுண்டா ஆடறேன், உருட்றதுக்கு?" என்றேன்.

முதல் பந்தை அப்பா பவுண்டரிக்கு அனுப்பினார். அடுத்ததையும். அனுப்பிவிட்டு என்னைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார். விட்டேனா பார் என்று நான் பின்னால் போய், மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்து, இருந்த பலத்தையெல்லாம் சேர்த்துப் போட்டேன். பந்து தரையோடு தரையாகச் சறுக்கிப் போய் நடு ஸ்டம்பைச் சாய்த்தது.

அதுவரை எல்லாவற்றுக்கும் கை தட்டிய கூட்டம் இதற்குத் தட்டவில்லை. நான் ஒருத்திதான் குதித்துக்கொண்டிருந்தேன்.

"நோ பால்!" என்றார் சித்தப்பா.

"இன்னாடா நோ பால்?" அப்பாவின் குரல் ஏறியது. "ஸ்டம்பு படுத்துகினு கீது, கண்ணு தெரில?"

"நோ பால்ணா. நீ ஆடு."

"கொழந்த காலு கோட்டுக்கு உள்ள இருந்துச்சுடா. நான் அவுட்டுடா!"

தான் அவுட் என்று சண்டை போட்ட பேட்ஸ்மேனை அந்த மைதானம் அதற்கு முன்பு பார்த்திருக்காது. அப்பா மட்டையைத் தரையில் குத்திக்கொண்டு நின்றார். சித்தப்பா கையை ஆட்டி ஆட்டி மறுத்தார். பேச்சு முற்றி, ஒரு கட்டத்தில் சித்தப்பாவுக்கு எல்லாம் மறந்தே போய்விட்டது. "நீ எப்பவுமே இப்டித்தான்ணா! எங்க போனாலும் சண்ட! அவுட்டுதான், போய்த் தொல!" என்று கூட்டம் முழுக்கக் கேட்கும்படி கத்தி விரலைத் தூக்கினார். கத்தி முடித்த பிறகுதான் பதறிப்போய் வாயைப் பொத்திக்கொண்டார்.

முன்வரிசையில், தலையில் தொப்பி போட்டிருந்த ஒரு அக்காதான் முதலில் வாய்விட்டுச் சிரித்தார். அப்புறம் அப்பா சிரித்தார். எவ்வளவோ நாளாக எங்கள் வீட்டில் கேட்காத சிரிப்பு அது. மட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு என்னிடம் வந்து, மண்டையில் நறுக்கென்று ஒரு குட்டு வைத்துவிட்டு வெளியே போனார். பிறகு ஆட்டம் சூடு பிடித்தது, ஊர் அணி தோற்றது.

மத்தியானம் பந்தலில் எல்லோருக்கும் சாப்பாடு. அம்மா என்னை வாங்கு வாங்கென்று வாங்கினாள். "ஒடம்பு முடியாத மனுசன், கொஞ்ச நேரம் சந்தோசமா ஆடட்டும்னு ஊரே பாத்துகினு இருந்துச்சு. ஒனக்கு மட்டும் இன்னாடி வந்துச்சு?"

"அவள ஒண்ணும் சொல்லாத" என்றார் அப்பா, சாம்பார் சாதத்தைப் பிசைந்துகொண்டே. "இன்னிக்கு அவ ஒருத்திதான் என்கூட ஆடுனா."

அம்மா என் தலையைத் தடவிவிட்டு, என் தட்டில் இன்னொரு கரண்டி சாதம் வைத்தாள். எனக்குத்தான் ஒன்றும் புரியவில்லை. மைதானம் நிறைய ஆட்கள் நின்று ஆடினார்களே, இவர் என்ன இப்படிச் சொல்கிறார், வெயில் தலைக்கேறிவிட்டது போல என்று நினைத்துக்கொண்டு, அவர் தட்டிலிருந்த அப்பளத்தை எடுத்துத் தின்றேன்.