தங்கசாமி கேட்டு வைத்த கேள்விகள்

தங்கசாமி இறந்து இரண்டு வருடமாகியும் தினமும் காலை ஒன்பது மணிக்கு முட்டை விலை கேட்டுக்கொண்டிருந்தார். அந்தக் கடையில் நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் நாளே அதைக் கண்ணால் பார்த்தேன்.

நாமக்கல் பரமத்தி ரோட்டில், லாரிப் பட்டறைகளுக்கு நடுவே ஒரு சின்ன அறை. லாரிக்காரர்களுக்கு ஆன்லைனில் பெர்மிட் எடுத்துக் கொடுப்பதும், எஃப்.சி. என்கிற தகுதிச் சான்றுக்குத் தேதி பதிந்து கொடுப்பதும் தொழில். தங்கசாமி ஆரம்பித்த கடை. அவர் போன பிறகு அவருடைய மனைவி சௌந்திரம் நடத்துகிறார். ஏழாவதோடு படிப்பை நிறுத்தியவர். ஆங்கிலம் எழுத்துக்கூட்டினால்தான் வரும். ஆனால் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் அவர் கைக்கு ஈடு கிடையாது. எல்லாம் இடத்தை வைத்துப் பழகியது. "மேல எடதுல மூணாவது கட்டம், அப்புறமேலு கீழ பச்ச பட்டன்" என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே அமுக்குவார். நான்கு நிமிடத்தில் ஒரு வேலை முடிந்துவிடும்.

நான் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ். சேந்தமங்கலம் பக்கத்தில் எங்கள் ஊர். எங்கள் வீட்டில் மட்டுமல்ல, எங்கள் தெருவிலேயே பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அங்கி போட்டு எடுத்த படத்தைப் பெரிதாக்கி வாசலுக்கு நேரே மாட்டியிருக்கிறார் அப்பா. அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. நான்கு நிமிட வேலையை இரண்டு நிமிடமாக்குவேன் என்று சொல்லித்தான் அந்தக் கடையில் சேர்ந்தேன்.

இரண்டாம் நாள் காலையில் சௌந்திரம் அக்கா மேசையைத் துடைத்தார். இன்டர்நெட் பக்கத்தைத் திறந்து தேடல் பெட்டியில் 'ந' என்று ஒரே ஒரு எழுத்தைத் தட்டினார். பெட்டி மீதியைத் தானாக எழுதியது: 'நாமக்கல்ல இன்னைக்கு முட்டை வெல எவ்வளவுங்க'.

அக்கா அதை அமுக்கினார். விலை வந்தது. அதை அவர் பார்க்கவில்லை. பெட்டியை அழித்துவிட்டு 'ப' தட்டினார். 'பெங்களூருல மழ வருங்களா' என்று வந்தது. அதையும் அமுக்கினார். பிறகு 'க'. 'கண்ணுல பொறை எடுத்தா வலிக்குங்களா'.

"ஏனுங்க்கா, கம்ப்யூட்டருக்கு எதுக்குங்க இத்தன மரியாதை?" என்றேன்.

"நானில்ல தம்பி. அவரு தட்டுனது." அக்கா திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "பேரு ஊரு தெரியாத ஆளுகிட்டக் கேக்கறோம், ங்க போட்டுக் கேட்டா என்ன கொறஞ்சா போயிருவோம்பாரு. பொறை எனக்குத்தான். ஆஸ்பத்திரிக்கு நான் பயந்துட்டுக் கெடந்தேன். எனக்குத் தெரியாம இதுகிட்டக் கேட்டிருக்காரு."

அந்த மூன்று கேள்விகளும் அவர் இறந்த பிறகுதான் அக்கா கண்ணில் பட்டிருக்கின்றன. ஏதோ தட்டப்போய் பெட்டி தானாக எழுதிக் காட்டியிருக்கிறது. அன்றிலிருந்து கடை திறந்ததும் மூன்றையும் ஒரு தடவை அமுக்கிவிட்டுத்தான் முதல் லாரிக்காரரை உட்காரச் சொல்வார். வீட்டில் மாலை போட்ட படம் இருக்கிறது. ஆனால் படம் பேசாது. இது அவர் பேசுகிற மாதிரியே பேசியது. ஆளில்லாத அறையில் ஓர் எழுத்தைத் தட்டினால் மீதியை அவர் முடித்துவைப்பதைப் பார்க்க எனக்கு முதுகு சில்லிட்டது. நான் படித்தவன், அது எப்படி வேலை செய்கிறது என்று தெரியும். தெரிந்தும் சில்லிட்டது.

திரையின் உச்சியில் ஒரு மஞ்சள் பட்டை தினமும் வரும். 'புதிய பதிப்பு தயார்' என்று இருக்கும். பக்கத்தில் இரண்டு பட்டன்கள், 'இப்போதே', 'பிறகு'. அக்கா இரண்டு வருடமாகப் 'பிறகு' என்பதையே அமுக்கி வந்திருக்கிறார். இவ்வளவு பழைய பதிப்பில் ஊரார் லாரிக் காகிதங்களை ஏற்றி இறக்குவது ஆபத்து என்று நான் இரண்டு முறை சொன்னேன். "இருக்கட்டும் சாமி" என்றார். ராசிபுரத்தில் சொந்தக்காரர் வீட்டுப் புதுமனைப் புகுவிழாவுக்கு அவர் போன நாளில் நான் 'இப்போதே' என்பதை அமுக்கினேன். பதினோரு நிமிடம் ஆனது. நல்ல காரியம் செய்ததாகத்தான் நினைத்தேன்.

மறுநாள் நான் கடைக்கு வரும்போது பக்கத்துக் கடை கரீம் பாஷா வாசலில் நின்றிருந்தார். ஜெராக்ஸும் பஸ் டிக்கெட் பதிவும் அவருடைய தொழில். அவருடைய கம்ப்யூட்டர் யாரையும் கேட்காமல் தானே மாறியிருந்தது.

"தம்பி, ஆரோ கடைக்குள்ள பூந்து சாமான எல்லாம் எடம் மாத்தி வெச்சுட்டுப் போன மாதிரி இருக்குது. ஒண்ணுங் களவு போவல. ஒண்ணுங் கைக்கும் ஆம்புடல" என்றார். "நீ படிச்ச புள்ளதான. எவன் கேட்டான் இத?"

"புதுசா வந்திருக்குதுங்க பாய். நாலு நாள்ல பழகிரும்."

"மருமக வந்தாக்கூட மொத வாரம் அடுப்ப எடம் மாத்த மாட்டா. இவனுக மாத்திப்புட்டானுக" என்றபடி உள்ளே போனார்.

நான் சிரித்துக்கொண்டே வந்தேன். அக்கா ஏற்கெனவே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கட்டங்களின் மூலைகள் உருண்டிருந்தன. இடது பக்கம் இருந்ததெல்லாம் வலது பக்கம் போயிருந்தது. நடுவில் பெரிய எழுத்தில் ஒரு வரி: 'இன்று உங்களுக்கு எப்படி உதவட்டும்?'

"இது ஆரு தம்பி எங்கிட்டக் கேக்கறது?"

"ஆருமில்லீங்க்கா. புதுப் பதிப்பு. அது தானாக் கேக்கும்."

அக்கா 'ந' தட்டினார். ஒரு சினிமா நடிகையின் பெயர் வந்தது. அழித்துவிட்டு மறுபடி தட்டினார். நகைக்கடை விளம்பரம் வந்தது. 'ப' தட்டினார், 'க' தட்டினார். எதிலும் அவர் இல்லை. அக்கா கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். வெளியே ஒரு லாரிக்காரர் பெர்மிட் காகிதத்தோடு காத்திருந்தார். "ஏனுங்க்கா, நேரமாவுதுங்க" என்று அவர் இரண்டாம் தடவை சொன்ன பிறகும் அக்காவுக்குக் காதில் விழவில்லை.

"நாந்தானுங்க அமுக்குனது" என்றேன்.

திட்டியிருந்தால் பரவாயில்லை. "அவரு மறுக்கா வருவாரா, அத மட்டும் சொல்லு" என்றார்.

அன்று முழுக்க நான் அதையே தேடினேன். அந்தப் பதிப்பைப் பயன்படுத்துகிறவர்கள் குறை எழுதுகிற பக்கம் ஒன்று இருந்தது. ஆங்கிலத்தில் நூற்றுக்கணக்கானவர்கள் எழுதியிருந்தார்கள். மூலையை ஏன் உருட்டினாய் என்று ஒருவர் கேட்டிருந்தார். தன் அம்மாவுக்குப் பார்வை மங்கல், இடத்தை வைத்துத்தான் அமுக்குவார், இப்போது குருடாகிவிட்டார் என்று ஒரு பெண் எழுதியிருந்தார். ஒவ்வொன்றின் கீழும் ஒரே பதில், 'உங்கள் கருத்துக்கு நன்றி'. நானும் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் எழுதினேன். இறந்துபோனவர் கேட்ட கேள்விகள் காணவில்லை, எப்படித் திரும்ப எடுப்பது என்று கேட்டேன். மறுநாள் மதியம் பெயர் தெரியாத யாரோ பதில் போட்டிருந்தார். எதுவும் அழியவில்லை, காட்டுவதைத்தான் நிறுத்தியிருக்கிறார்கள், அமைப்புகளில் ஆறாவது வரியில் ஒரு பொத்தானைத் திருப்பினால் போதும்.

அக்காவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு அந்தப் பொத்தானைத் திருப்பினேன். இப்போது எழுத்துக்கூடத் தட்ட வேண்டியதில்லை. பெட்டியைத் தொட்டதுமே பழைய கேள்விகள் எல்லாம் வரிசையாகக் கீழே இறங்கின. முட்டை வெல எவ்வளவுங்க. மழ வருங்களா. வலிக்குங்களா. அக்கா புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்.

புதுப் பதிப்பில் இன்னொன்றும் சேர்ந்திருந்தது. ஒவ்வொரு கேள்விக்கும் கீழே சின்ன எழுத்தில் தேதியும் நேரமும்.

"தம்பி, இதுல மூணு நாளைக்கு முந்துன தேதி போட்டிருக்குது." அக்காவின் விரல் திரையைத் தொட்டது. "ஒம்பதே காலுன்னு போட்டிருக்குது பாரு. அவரு வந்துட்டுத்தான் இருந்திருக்காரு."

அங்கே நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் விஷயம் தெரிந்தவனுக்கு வாய் சும்மா இருப்பதில்லை.

"அதில்லீங்க்கா. நீங்க ஒவ்வொரு தடவ அமுக்கும்போதும் பழைய தேதி போயி அன்னைக்குத் தேதி ஏறிக்கும். எழுத்து அவருதுங்க. தேதி உங்குளுது."

அக்கா திரையிலிருந்து விரலை எடுத்தார். "அப்ப ரெண்டு வருசமா நாந்தான் அவரு தேதிய அழிச்சிருக்கேன்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "அவரு கையோட தேதி ஒண்ணுகூடவா இல்ல? பாரு சாமி, ஒண்ணாவது இருக்கும்" என்றார்.

எப்படியாவது ஒன்றைக் கண்டுபிடித்துக் கொடுத்துவிட வேண்டும் என்று எனக்கும் வெறி. வரிசையைக் கீழே கீழே தள்ளினேன். எங்கள் பெர்மிட் தேடல்கள் நூற்றுக்கணக்கில் ஓடின. கடைசிக்கும் கடைசியில் ஒரு வரி நின்றது. அதைவிடப் பழையதை இது காட்டவில்லை. இது 'எ'வில் தொடங்குகிறது. அந்த எழுத்தை அக்கா ஒருநாளும் தட்டியதில்லை, அதனால் யார் விரலும் படாமல் கிடந்திருக்கிறது. கிடைத்த சந்தோஷத்தில் முழுதாகப் படித்துப் பார்க்காமலே சத்தமாக வாசித்தேன்.

"கெடச்சிருச்சுங்க்கா. ரெண்டாயிரத்து இருபத்து மூணு, செப்டம்பர் பதினாலு, மத்தியானம் ரெண்டு பதினேழு. 'எடது கையி மரத்துப் போவுதுங்க எதனாலங்க'."

வாசித்து முடித்த பிறகுதான் நான் வாசித்தது என் காதில் விழுந்தது.

அன்று மாலை ஐந்து மணிக்குத்தான் தங்கசாமி இறந்தார். திருச்செங்கோடு வரை போய் ஒரு பெர்மிட் காகிதம் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது, நல்லிபாளையம் பக்கத்தில் வண்டியை ஓரங்கட்டி ஸ்டாண்டு போட்டு, அதன் மேலேயே சாய்ந்திருந்தார். நோவு நொடி தெரியாத சாவு, கொடுத்து வைத்தவர் என்று எழவுக்கு வந்த எல்லோரும் சொன்னார்கள். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் அக்கா எழுந்து உட்கார்ந்தார் என்று கரீம் பாஷா எனக்குச் சொல்லியிருந்தார்.

அறையை இரண்டாகத் தடுத்திருந்த தட்டிக்குப் பின்னால் அக்கா கையைக் காட்டினார். அங்கேதான் நாங்கள் சாப்பிடுவது. எட்டடி இருக்கும்.

"அங்கதான் தம்பி உக்காந்திருந்தேன். சோறு பெசைஞ்சுட்டு இருந்தேன். தட்டற சத்தங் கேட்டுச்சு. பெர்மிட்டுத்தான் போடறாருன்னு நெனச்சேன்." திரையைப் பார்த்து, "எங்கிட்டக் கேக்கல. இதுகிட்டக் கேட்டிருக்காரு. அதுலயும் ங்க போட்டு" என்றார்.

இது அவருக்கு என்ன பதில் சொன்னது என்று அந்த வரிசையில் எங்கும் இல்லை. கேள்வி மட்டும்தான் இருந்தது. அதன் ஓரத்தில் அழிப்பதற்கு ஒரு சின்னப் பெருக்கல் குறியும் இருந்தது. "எடுத்துரட்டுங்களா?" என்றேன். அக்கா தலையை ஆட்டினார். வேண்டாம் என்று.

"இத அமுக்குனா இன்னைக்குத் தேதி வந்துருமா?"

"ஆமாங்க. அந்தத் தேதி போயிரும். அப்புறம் ஆராலயும் கொண்டுவர முடியாதுங்க."

அதற்குப் பிறகு பன்னிரண்டு நாள் அக்கா அந்தக் கம்ப்யூட்டரைத் தொடவில்லை. வாசலோரம் அதுவரை நான் வேலை செய்த இன்னொரு கம்ப்யூட்டரில் புது இடங்களைத் தட்டுத் தடுமாறிப் பழகினார். முட்டை விலை கேட்கவில்லை, மழையைக் கேட்கவில்லை. அவர் நாற்காலியில் நான் உட்கார்ந்தேன். மத்தியானம் தட்டிக்குப் பின்னால் அக்கா டிபன் பாக்ஸைத் திறக்கும் சத்தம் கேட்கும்போது, இரண்டு பதினேழு ஆகிவிட்டதா என்று என் கண் தானாகக் கடிகாரத்துக்குப் போகும். அந்த நேரத்தில் நான் விசைப்பலகையில் கைவைக்கவில்லை. தட்டினால் அந்தச் சத்தம் அங்கே கேட்கும். ஒருநாள் என் இடது கை நிஜமாகவே மரத்தது. சாய்ந்து உட்கார்ந்ததால் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை. அதை நினைத்துப் பிறகு பயந்தேன்.

பதின்மூன்றாம் நாள் நான் உள்ளே வந்தபோது அக்கா தன் பழைய நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பெட்டி திறந்திருந்தது. அந்த வரி அடியிலிருந்து உச்சிக்கு வந்திருந்தது. கீழே, இன்று, 9.06 என்று இருந்தது.

என்னால் கேட்காமல் இருக்க முடியவில்லை. "அமுக்கிட்டீங்களாக்கா? அந்த ஒண்ணுதானுங்க அவரு தேதியோட இருந்துச்சு."

"இருந்துச்சு" என்றார். "அந்த மத்தியானத்துலயே அவர ஒத்தையா எத்தன நாளைக்கு உக்கார வெக்கறது சாமி? ரெண்டு வருசம் உட்டுட்டேன்."

அதை அமுக்கியதற்கு வந்த பதில் திரையில் விரிந்திருந்தது. 'உடனே அருகில் இருப்பவரிடம் சொல்லுங்கள்' என்பது முதல் வரி. அக்கா அதை ஒவ்வொரு எழுத்தாக, உதடு அசைய, இறுதி வரை படித்தார். வாசலில் லாரிக்காரர் வந்து நின்றார். அக்கா அவரைப் பார்த்து, உட்காரச் சொல்லிக் கை காட்டிவிட்டு, மறுபடி முதல் வரியிலிருந்து படிக்கத் தொடங்கினார்.