கபடி ஹாஸ்டல்

அண்ணன் கபடி ஹாஸ்டலில் சேர்ந்திருக்கிறான் என்றுதான் வீட்டில் சொல்லிவைத்திருந்தார்கள். எனக்கு அப்போது எட்டு வயது. வெள்ளிமலைப் பள்ளிக்கூடத்தில் அதைச் சொல்லிப் பீற்றிக்கொள்ளாத நாளில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் பார்க்கக் கூப்பிட்டிருந்தார்கள். அம்மாவும் நானும் மலையிறங்கி, இரண்டு பஸ் மாறிப் போனோம். வாசலில் போலீஸ்காரர் நின்றிருந்தார். எங்களை உள்ளே விட்டதும் கேட்டைப் பூட்டினார்.

"ஜெயிச்ச கப்ப யாருனா திருடிக்கினு பூடுவாங்களாம்மா?" என்றேன். அம்மா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தாள்.

அங்கே கபடி சொல்லித்தரும் சார் வெளியூர்ப் பையன்களையும் வரவழைத்து, உள்ளே இருந்தவர்களோடு கலந்து இரண்டு அணியாகப் பிரித்திருந்தார். அண்ணனுக்குப் பக்கத்தில் வந்து நின்ற பையனைப் பார்த்ததும் அம்மா துள்ளி எழுந்துவிட்டாள். அண்ணன் முகம் வெளுத்துப்போயிற்று. மூங்கில்துறைப்பட்டுக்குக் கரும்பு வெட்டப் போன இடத்தில், ஒரு வாய்த்தகராறில் அண்ணன் கத்தியால் வெட்டியது அவனைத்தான். எனக்கு அது தெரிய இன்னும் ஆறு வருஷம் இருந்தது.

அம்மா சாரிடம் ஓடினாள். "வாணாம் சார், அவன இட்டுக்கினு பூடுங்க சார்."

"நான் கூப்பிடலம்மா. அவனேதான் கேட்டு வந்தான்."

எதிரணிப் பையன் பாடிக்கொண்டு ஏறி வந்தான். கைகோத்துச் சங்கிலி போட்டால்தான் அவனைப் பிடிக்க முடியும். அந்தப் பையன் கையை நீட்டினான். அண்ணன் அசையவே இல்லை. பாயிண்ட் போனது. மறுமுறையும் அந்தப் பையன் கையை நீட்டிக் கத்தினான்.

"புட்றா! இன்னாடா பாத்துக்கினு நிக்கிற?"

அண்ணன் பிடித்தான். இரண்டு பேரும் சேர்ந்து ஏறி வந்தவனை அமுக்கினார்கள். எழுந்தபோது அண்ணன் தேம்பித் தேம்பி அழுதான். பாயிண்ட் எடுத்ததற்கு ஒருவன் அழுது அன்றுதான் பார்த்தேன்.

ஆட்டம் முடிந்து சுண்டல் கொடுத்தார்கள். அந்தப் பையனின் காதுக்கு மேலே நீளத் தழும்பு, அங்கே முடியே முளைக்கவில்லை.

"இன்னாண்ணா இது? யாரு அடிச்சாங்க?" என்று கேட்டுவிட்டேன்.

அம்மா கையிலிருந்த சுண்டல் கொட்டிப்போயிற்று. அண்ணன் கண்ணை மூடிக்கொண்டான். அந்தப் பையன் அவனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான்.

"கரும்பு வண்டியிலேந்து வுழுந்துட்டேன் பாப்பா."

திரும்பும் பஸ்ஸில், "பாத்து உக்காந்திருக்கணும் இல்ல?" என்றேன். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கரியாலூர் தாண்டியும் அழுதுகொண்டே வந்தாள். வண்டியிலிருந்து விழுந்த யாரோ ஒரு பையனுக்காக எதற்கு இவ்வளவு அழுகை என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.