வெள்ளை அடிக்காத சுவர்

உப்பளம் பகுதியில் எங்கள் தெரு பெரிய ரோட்டைத் தொடும் இடத்தில், முனையிலிருந்து இரண்டாவது வீடு செல்வாம்பாளுடையது. மில் தொழிலாளியாக இருந்த அவள் அப்பா கட்டியது. கட்டிய காலத்தில் ரோட்டிலிருந்து இரண்டு படி ஏறித்தான் உள்ளே போக வேண்டும். இப்போது ஒரு படி இறங்க வேண்டும். வீடு தாழவில்லை. பழைய தாரை எடுக்காமல் அதன் மேலேயே புதுத் தாரைப் போட்டுப் போட்டு ரோடுதான் உயர்ந்தது.

செல்வாம்பாள் இட்லி மாவு அரைத்து விற்கிறவள். முன்னறையில் மூன்று பெரிய கிரைண்டர்கள் ஓடும். பெஞ்சல் புயல் கரையைக் கடந்த மறுநாள் விடியலில் ரோட்டுத் தண்ணீர் வீட்டுக்குள் இறங்கி மூன்று மோட்டார்களும் போய்விட்டன. புயலில் போனதாகத் தெருவில் சொல்வார்கள்; அது சரியல்ல. புயல் போன பிறகும் நிற்காமல் பெய்த மழையில்தான் போயின. மோட்டாரை மாற்றி அவள் மறுபடி அரைக்கத் தொடங்குவதற்குள் வாடிக்கைக்காரர்களில் பாதிப் பேர் வேறு கடையைப் பழகிக்கொண்டார்கள்.

மாசி மாதத்தில் இளம்பரிதி என்பவர் தெருவுக்கு வந்தார். பெரிய ரோட்டைப் புதுப்பிக்கப் போகிறார்கள். அதற்கு முன்னால் மரம், தூசி, சத்தம், தண்ணீர் இவற்றுக்கு என்ன பாதிப்பு வரும் என்று அறிக்கை எழுத வேண்டும். அதற்காக வீடு வீடாகக் கேட்கிறேன் என்றார். ரோடு இன்னும் முக்கால் அடி உயரும் என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னார். மாவுக் கையோடு நின்றிருந்த செல்வாம்பாள் அதற்கு மேல் வேறெதையும் காதில் வாங்கவில்லை.

"முக்கால் அடியா? அப்ப என் வீடு கொளமாயிடும், தம்பி. நான் மாவு அரைக்கிறதா, மீன் வளக்கிறதா?"

"தண்ணி நிக்கிற இடம்னு அறிக்கையில வந்துச்சுன்னா திட்டத்தையே மாத்தலாம்க்கா. போன மழையில எதுவரைக்கும் வந்துச்சு?"

அவள் பதில் சொல்வதற்குள் தெருவே கூடிவிட்டது. ஒருவர் முழங்கால் என்றார், ஒருவர் இடுப்பு என்றார். சைக்கிள் கடை கலியமூர்த்தி, "கழுத்து வரைக்கும் சார்!" என்றார்.

"கழுத்து வரைக்கும் வந்தப்ப நீ கட்டில்ல படுத்துக்கினு இருந்த. படுத்தவன் கழுத்துதான் உன் கணக்கு" என்றாள் செல்வாம்பாள்.

இளம்பரிதி சிரித்தார். ஆனால் ஒன்றும் எழுதவில்லை. "ஆளுக்கொரு அளவு சொன்னா மேல ஒத்துக்க மாட்டாங்க. தண்ணி நின்ன கறை சுவத்துல இருக்குமே, அதக் காட்டுங்க. போட்டோ எடுத்து அளந்துக்கிறேன்."

கறையைத் தேடி அவரோடு திறந்திருந்த எல்லா வீட்டுக்கும் போனோம். ஒரு வீட்டிலும் இல்லை. பொங்கலுக்கு முன்னால் எங்கள் தெருவில் வெள்ளை அடிக்காமல் யாரும் இருக்க மாட்டார்கள். அந்த வருஷம் கறை அசிங்கமாக இருக்கிறதென்று சுரண்டி, மருந்து பூசி, இரண்டு கை கூடுதலாகவே அடித்திருந்தோம். அடித்தவர் செல்வாம்பாளின் கணவர், பெயிண்டர் புருஷோத்தமன்.

"உன் வூட்டுக்காரன் கை சுத்தம், செல்வா. சாட்சியே இல்லாம பண்ணிட்டான்" என்றார் கலியமூர்த்தி.

"என்னை ஏன்யா சொல்ற? கறை தெரியாம அடின்னு தலைமேல நின்னது நீதான?" என்றார் புருஷோத்தமன்.

அறிக்கையை முடிக்க ஒரு வாரம் இருக்கிறது, ஏதாவது கிடைத்தால் கூப்பிடுங்கள் என்று நம்பரைக் கொடுத்துவிட்டு இளம்பரிதி போனார். செல்வாம்பாள் கணவரை அங்கேயே பிடித்துக்கொண்டாள்.

"நீங்க அடிக்காத வீடு இந்தத் தெருவுல எது?"

"எதுவுமில்ல. எதிர்ல சொல்தா வீடு ஒண்ணுதான் பாக்கி. அதையும் நாளைக்குக் காலையில சுரண்ட ஆரம்பிக்கிறேன்."

எதிர்வீட்டுச் சக்கரபாணி பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்து ஓய்வு பெற்றவர். குடும்பத்தோடு பிரான்சில் இருக்கிறார். வீடு பூட்டியே கிடக்கும். சாவி புருஷோத்தமனிடம் இருந்தது. செல்வாம்பாள் அதை வாங்கிக் கதவைத் திறந்தாள். நானும் உடன் போனேன். கூடத்துச் சுவரில் நான்கு பக்கமும் பழுப்பாக ஒரு கோடு, கயிறு கட்டியதுபோல் நேராக ஓடியது. அவள் அதை விரலால் தொடப் போய், தொடாமலே கையை எடுத்துக்கொண்டாள்.

"நாளைக்கு வேலை கிடையாது" என்றாள் கணவரிடம்.

"இன்னா வெளையாடுறியா? அடுத்த வாரம் வீட்டை வாங்குற ஆளுங்க பாக்க வராங்களாம். அதுக்குள்ள கறையே தெரியக் கூடாதுன்னு சொல்லியிருக்காரு. நான் வாக்குக் கொடுத்துட்டேன்."

"அவருக்குப் போனைப் போடுங்க. நான் பேசுறேன்."

போனில் சக்கரபாணி விஷயத்தைக் கேட்டதுமே கோபப்பட்டார். "இன்னாம்மா இது? விக்கப்போற வீட்டுல கறையை ஊரக் கூட்டிக் காட்டுவியா? சர்க்கார் ஏட்டுல என் வீடு முழுகுற வீடுன்னு ஏறிடும். அப்புறம் எவன் வாங்குவான்? நோன்! முடியாது! காலையில பெயிண்ட் அடிக்கச் சொல்லு."

"அடிக்கலாண்ணே. அடிச்சு வித்துடவும் செய்யலாம். ரோடு முக்கால் அடி ஒசந்தா அடுத்த மழையில உங்க ஜன்னல் வரைக்கும் தண்ணி வரும். வாங்குனவன் அப்ப யாருக்குப் போன் பண்ணுவான்? உங்களுக்குத்தான். வித்ததுக்கப்புறம் நீங்க அங்க இருப்பீங்க. நாங்க இங்கதான இருக்கணும்? எனக்கு வேற வீடு இல்லண்ணே."

அளக்கிற ஆள் எப்போது வருவார் என்று சக்கரபாணி கேட்டார். ஒரு வாரத்துக்குள் வந்துவிடுவார் என்றாள்.

"புதன்கிழமை வரைக்கும் வெச்சுக்க. வியாழக்கிழமை வெள்ளை அடிச்சாகணும்" என்றார் சக்கரபாணி. பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, "மோட்டாரு எல்லாம் போச்சாமே. சரியாயிடுச்சா?" என்று கேட்டார்.

இளம்பரிதி விழுப்புரத்தில் வேறு வேலையில் இருந்தார். புதன்கிழமை மத்தியானம்தான் வர முடிந்தது. அதுவரை சாவி செல்வாம்பாளின் இடுப்பைவிட்டு இறங்கவில்லை. வந்தவர் கோட்டைப் பார்த்ததும் பையைக் கீழே வைத்துவிட்டு, "மேஸ்திரி யார்கிட்டயாவது மட்டக்குழாய் இருக்குமா?" என்று கேட்டார்.

கொத்தனார் அம்மாவாசையிடம் இருந்தது. மட்டக்குழாய் என்பது கண்ணாடிபோல் உள்ளே தெரியும் நீளமான பிளாஸ்டிக் குழாய். உள்ளே தண்ணீர் நிரப்பி ஒரு முனையைக் கறையோடு சேர்த்துப் பிடித்தால், மறுமுனையை எங்கே கொண்டுபோனாலும் தண்ணீர் அதே மட்டத்தில்தான் நிற்கும். அம்மாவாசை சொல்தா வீட்டுச் சுவரோடு ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார். குழாய் தெருவைத் தாண்டி செல்வாம்பாள் வீட்டுக்குள் போனது. மறுமுனை புருஷோத்தமன் கையில் இருந்தது. ஒரு ஆட்டோ குழாயின் மேல் ஏறப் பார்த்தது. கலியமூர்த்தி நடுத்தெருவில் கையை விரித்துக்கொண்டு நின்றார்.

"கொஞ்சம் ஏத்து... எறக்கு... அங்கயே நில்லு!" என்று அம்மாவாசை கத்தினார்.

புருஷோத்தமன் தான் அடித்த வெள்ளைச் சுவரில் தன் கையாலேயே பென்சில் கோடு போட்டார். கிரைண்டர் கல்லுக்கு மேலே போனது கோடு. இளம்பரிதி அளந்தார், போட்டோ எடுத்தார். பிறகு வரிசையாக எல்லா வீட்டிலும் கோடு விழுந்தது. கலியமூர்த்தி கடையில் அது அவர் தொடைக்கு வந்தது. யாரும் ஒன்றும் சொல்வதற்கு முன் அவரே, "கட்டில் ஒசரத்தை நான் கழிக்கல" என்றார்.

மறுநாள் புருஷோத்தமன் சொல்தா வீட்டுக்கு வெள்ளை அடித்தார்.

சித்திரையில் சமுதாயக் கூடத்தில் மக்கள் கருத்தைக் கேட்கும் கூட்டம் நடந்தது. பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டு அதே உயரத்தில் புது ரோடு போட வேண்டும், தண்ணீர் வடிய ரோட்டுக்கு அடியில் போட்டு இப்போது அடைபட்டுக் கிடக்கும் குறுக்குக் குழாயைத் திறக்க வேண்டும் என்று இளம்பரிதி அறிக்கையில் எழுதியிருந்தார். மேடையில் இருந்த அதிகாரி தயங்கினார்.

"சுரண்டினால் வேலை நாள் கூடும். தெரு முழுக்கத் தூசி பறக்கும். அதுவும் பாதிப்புதானே அம்மா?"

செல்வாம்பாள் எழுந்தாள். "தூசிய நான் தொடப்பத்தால பெருக்கிடுவேங்க. தண்ணிய எதால பெருக்குறது?"

கூடம் சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. உட்காரவுமில்லை. "சுரண்டாம ஒரு சட்டி தார் விழக் கூடாது. இத எழுதிக்கினீங்கன்னா உக்காந்துடுறேன்."

அதிகாரி பக்கத்தில் இருந்த பொறியாளரோடு பேசினார். போட்டோக்களை மறுபடி வாங்கிப் பார்த்தார். பிறகு எழுதினார். அவள் படித்துக் காட்டச் சொன்னாள். படித்துக் காட்டினார்.

"தார் போட வர்ற ஆளுக்கு இது தெரியுமா?"

"அவருக்கும் நகல் போகும்."

"எனக்கும் ஒண்ணு வேணும். தமிழ்ல கொடுங்க."

அதற்காக அவள் அந்த அலுவலகத்துக்கு எத்தனையோ நடை நடந்தாள். கடைசியில் கொடுத்தார்கள். குறுக்குக் குழாயை மட்டும் வேறு துறை திறக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அதற்கும் மனு எழுதிப் போட்டிருக்கிறாள். இன்னும் பதில் இல்லை.

தார் லாரி வந்த அன்று காலையில் அவள் மாவு வியாபாரத்தைப் புருஷோத்தமனிடம் விட்டுவிட்டு, முனையில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். மேற்பார்வையாளரிடம் நகலை நீட்டினாள்.

"தெரியும்மா. மொதல்ல சுரண்டுற மிஷின்தான் வருது. நீங்க உள்ள போங்க, தூசி வரும்."

"வரட்டும்" என்றாள். முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டாள். மிஷின் வந்து முதல் அடுக்கைப் பெயர்த்தது; அதற்கடியில் இன்னொரு அடுக்கு இருந்தது. அதையும் பெயர்க்கும்வரை அவள் அங்கிருந்து எழுந்திருக்கவில்லை.