மேலிருந்து பார்த்த கை

கட்டட வேலையிடத்தில் கிரேன் ஓட்டுபவளை எல்லோரும் 'மேல்வீட்டு அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். வாடகையில்லாத கண்ணாடிக் கூண்டு, ஏற இருநூறு படி. பதினோரு வருஷமாக மனிதர்களை உச்சந்தலையாகவே பார்த்துப் பழகியவள். கூட்டத்தில் புருஷன் தொலைந்தாலும் வழுக்கையை வைத்தே கண்டுபிடித்துவிடுவாள் என்று கேலி வேறு. கீழே நின்று சைகை காட்டுவது அவளுடைய கொழுந்தன். அவன் கையை உயர்த்தினால் இவள் பாரத்தைத் தூக்க வேண்டும், அவ்வளவுதான்.

அன்று காலை கை உயர்ந்தது, தூக்கினாள். கம்பிக்கட்டு எகிறிச் சுழன்று, இன்னும் முடிச்சைச் சரிபார்த்துக்கொண்டிருந்த தொழிலாளியின் காலை முறித்தது. அவர் அலறியது கூண்டு வரைக்கும் கேட்டது.

மதியம் என்ஜினீயர் அறையில் விசாரணை. அவள், கொழுந்தன் இருவரில் ஒருவருக்கு வேலை போவது உறுதி என்று அவர் முதலிலேயே சொல்லிவிட்டார்.

"கையைத் தூக்கினான் சார். என் ரெண்டு கண்ணால பார்த்தேன்."

"நான் தூக்கவே இல்லை அண்ணி!" என்றான் கொழுந்தன்.

கொழுந்தனே ஆனாலும், பார்த்ததைப் பார்க்கவில்லை என்று எந்த வாயால் சொல்வது?

என்ஜினீயர் வாசல் கேமராவின் பதிவைப் போட்டுக் காட்டினார். பக்கவாட்டில் எடுத்தது. காற்று வீசுகிறது. பறக்கப் பார்த்த ஹெல்மெட்டைக் கொழுந்தன் உள்ளங்கையால் அழுத்திப் பிடிக்கிறான். மேலேயிருந்து பார்ப்பவளுக்கு இதுவும் தலைமேல் ஒரு கை, தூக்கச் சொல்லும் சைகையும் தலைமேல் ஒரு கை.

கண்ணால் காண்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பார்கள். விசாரித்து முடித்த பிறகும் பொய் கண்ணை விட்டுப் போகாவிட்டால் என்ன செய்வதென்று யாரும் சொல்லி வைக்கவில்லை. பதிவை மூன்று தடவை போடச் சொல்லிப் பார்த்தாள். கண்ணை மூடினால் பழைய கைதான் வந்தது, நேராக, விறைப்பாக. பதினோரு வருஷத்தில் இப்படி எத்தனை கைகளைப் பார்த்திருப்போம் என்று நினைக்கவே பயமாயிருந்தது.

"தப்பு என்னுதுதான் சார். அவன் தூக்கலை," என்றாள்.

நாளைக்கு முடிவு சொல்வதாக என்ஜினீயர் அனுப்பிவிட்டார். வெளியே வந்ததும் கொழுந்தன் அருகில் வந்தான்.

"விடுங்க அண்ணி, வேணும்னேவா செஞ்சீங்க? நான் சார்கிட்ட பேசுறேன். நாளைக்கும் நீங்களே ஏறுங்க."

"வேண்டாம்ப்பா. இப்பவும் நீ கையைத் தூக்கினதுதான் எனக்கு ஞாபகத்துல இருக்கு. நாளைக்கு நீ தலையைச் சொறிஞ்சாலும் நான் தூக்கிடுவேன். அடியில நிக்கப்போறது நீ."

அவன் தலைக்குப் போய்க்கொண்டிருந்த கையை மெல்லக் கீழே இறக்கிக்கொண்டான்.